விரை என்னும் சொல்

தமிழ்ச் சொற்களுள் சில ஒரே வடிவில் நின்று பல பொருள் தருவன. 'விரை' என்பது அத்தகைய சொல். விதைக்கு அது பெயர். நறுமணத்திற்கும் அது பெயர். ஆண்மகன் உடலில் சந்ததியின் வித்தைத் தாங்கி நிற்கும் உறுப்பிற்கும் அதுவே பெயர். அதனையே ஏவலாகச் சொன்னால், 'தாமதியாதே, ஓடு' என்று பொருள்படும். இந்நான்கு பொருளும் நம் முன்னோர் வாயில் கூச்சமின்றி வழங்கியவையே. இன்றோ மூன்றினை மேடையிலும் சொல்வோம். உறுப்பின் பெயரை மட்டும் மருத்துவர் அறைக்குள்ளும் சொல்லத் தயங்குவோம். அத்தயக்கம் இளைஞர் சிலரின் உயிரை விலையாகக் கேட்கிறது. அதனைப் போக்கவேண்டி, அந்நோயின் பெயரை மார்பில் எழுதிக்கொண்டு, அறத்திற்குப் பொருள் திரட்டுவதற்காகத் தெருவில் இறங்கி ஓடுவோரும் உலகில் உளர். அவர்களைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

நாம் குடியிருப்பது அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில். கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்த இச்சிற்றூர், இலக்கியத்தில் திருக்காவலூர் எனப் பெயர் பெற்றது. தேம்பாவணியும் சதுரகராதியும் செய்த வீரமாமுனிவர் வாழ்ந்த ஊர் என்பதால் தமிழ் கற்றோர்க்கு இது அயலான ஊரன்று. அரியலூரை ஆண்ட ரெங்கப்ப மழவராயரின் முதுகில் இராசபிளவை என்னும் கொடுங்கட்டி தோன்றியதாம். அரண்மனை வைத்தியர் கைவிட்ட பின் வீரமாமுனிவர் அதனைக் குணப்படுத்தினாராம். மன்னர் நன்றிக் கடனாக நிலம் வழங்கினாராம். இவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி இது. அடைக்கல மாதா கோயிலுக்கு வரும் யாத்திரிகர் யாரைக் கேட்டாலும் இக்கதையைச் சொல்வர்.

இக்கதையைக் கேட்கும்போதெல்லாம் நம் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுவதுண்டு. மன்னரின் கட்டி முதுகில் இருந்தது. ஆகவே அரண்மனை முழுவதும் அதனை அறிந்தது, ஊர் முழுவதும் பேசியது, மருந்து தெரிந்தவர் காதுக்கும் எட்டியது. அதே கட்டி நான்கு விரற்கடை மறைவிடத்தில் தோன்றியிருந்தால், மன்னர் அதனைத் தம் மனைவியிடமேனும் சொல்லியிருப்பாரா? மருந்து ஊர் எல்லையில் இருந்தும், நோய் ஆடைக்குள்ளேயே இருந்து ஆளை முடித்திருக்கும் அல்லவா?

இது வெறுங் கற்பனையன்று. நம்மிடம் சிறு வயதில் ஓதிய மாணவர் ஒருவர் வளைகுடா நாடொன்றில் குளிர்சாதனப் பொறி பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். வயது 27. ஒருநாள் குளிக்கும்போது, ஒருபக்க விரையில் பட்டாணி அளவில் கெட்டியாக ஏதோ தென்பட்டது. வலியில்லை, காய்ச்சலில்லை. நம் பக்கத்தில் விரைவீக்கமும் குடலிறக்கமும் அறியாத வீடில்லை. அவற்றில் ஒன்றாயிருக்கும் என்று எண்ணிக்கொண்டார். ஓர் அறையில் ஆறு பேர் தங்கியிருந்தும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. எட்டு மாதம் கழித்து விடுமுறையில் வந்தபோது இடுப்பில் ஓயாத வலி. உடம்பும் பாதியாய் இளைத்திருந்தது. பெற்ற தாய் கண்ணீர்விட்டு வற்புறுத்திய பிறகே மகன் உண்மையைச் சொன்னார். சென்னையில் சோதித்தபோது அது புற்றுநோய் என்பதும், வயிற்றின் பின்புறத்து நிணநீர்க் கணுக்கள் வரை பரவிவிட்டது என்பதும் தெரிந்தன.

பின்னாளில் அவர் நம்மிடம் சொன்னார்: "வலித்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பேன், ஹஜ்ரத். வலிக்காததால்தான் இருந்துவிட்டேன்."

அறுவையும் மருந்தும் நடந்த மாதங்களில் தலைமுடி கொட்டியது. நாவில் சுவை போயிற்று. அண்டை வீட்டார் கேட்டபோதெல்லாம் அவருடைய தாயார் 'மஞ்சட்காமாலை' என்றே விடை சொன்னார். மணமாகாத மகனுக்கு இப்படியொரு நோய் என்று தெரிந்தால் யார் பெண் கொடுப்பார் என்னும் அச்சந்தான் அதற்குக் காரணம். அத்தாயைக் குறை கூற நமக்கு மனமில்லை. அந்தப் பொய்யை அவர் வாயில் வைத்தது நம் ஊர்களின் நாவேயாம். அல்லாஹ்வின் அருளால் மகன் பிழைத்தார். உண்மையை ஒளிக்காமல் சொல்லியே பெண் கேட்டனர், மணம் முடிந்தது, இப்போது ஒரு பெண் குழந்தைக்குத் தந்தையாக இருக்கிறார்.

அவர் பிழைத்ததற்கு வழிவகுத்த மருந்தின் வரலாறு அறியத்தக்கது. அமெரிக்க நாட்டில் பார்னெட் ரோசன்பர்க் என்னும் அறிவியலார் 1965இல், மின்புலம் நுண்ணுயிர்களை என்ன செய்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் பயன்படுத்திய மின்முனைகள் பிளாட்டினத்தால் ஆனவை. நுண்ணுயிர்கள் பிளவுபட்டுப் பெருகுவது திடீரென நின்றது. அதற்குக் காரணம் மின்சாரமன்று, பிளாட்டினத்திலிருந்து பிறந்த சேர்மம் என்று கண்டார். அதுவே சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தாயிற்று. 1974இல் இந்தியானா பல்கலைக்கழகத்து மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்ன், விரைப் புற்று உடலெங்கும் பரவியிருந்த ஜான் கிளீலண்ட் என்னும் இளைஞருக்கு அதனை வேறிரு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார், நோய் மறைந்தது. அதற்கு முன்னர், பரவிய நிலையில் இந்நோய் கண்டவருள் பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. இன்று பரவிய பின்னரும் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். பரவுமுன் கண்டாலோ ஏறத்தாழ எல்லோருமே பிழைக்கின்றனர். இது 15 முதல் 40 வயதுக்குட்பட்ட ஆண்களையே மிகுதியாகப் பற்றும் நோய். நம் நாட்டில் இது அரிதென்பது உண்மை. ஆயினும், இத்தனை எளிதில் குணமாகும் புற்றுக்கு ஓர் இளைஞன் வெட்கத்தால் பலியாவானாயின், அந்த ஒரு சாவும் மிகையன்றோ?

நம் மாணவர் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் மாதத்தில் நம்மைக் காண வந்தார். "நவம்பர் மாதத்தில் 60 கிலோமீட்டர் ஓடப் போகிறேன், ஹஜ்ரத். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்கள் தந்தால், சென்னையில் சிகிச்சைக்கு வரும் ஏழை நோயாளிகளின் பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்கலாம். நீங்கள் துஆ செய்ய வேண்டும், நம் ஆட்களிடம் எடுத்துச் சொல்லவும் வேண்டும்" என்றார்.

இம்முறை அவர் தாமே கண்டதன்று. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 2003இல் முப்பது நண்பர்கள் கூடி, நவம்பர் மாதம் முழுவதும் மீசை வளர்ப்பதென்று வேடிக்கையாகத் தொடங்கினர். அது 'மொவெம்பர்' என்னும் அறநிறுவனமாக வளர்ந்து, ஆண்களைப் பற்றும் விரைப் புற்று, புராஸ்டேட் புற்று, மனநோய் ஆகியவற்றிற்குப் பொருள் திரட்டிவருகிறது. மீசை வளர்க்க இயலாதோர் அம்மாதத்தில் 60 கிலோமீட்டர் ஓடலாம் அல்லது நடக்கலாம் என்பது அதன் ஏற்பாடு. உலகில் மணிக்கொரு முறை ஏறத்தாழ அறுபது ஆண்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்கின்றனர் என்னும் கொடிய கணக்கே அந்த எண்ணுக்குக் காரணம். வலியை வாய்விட்டுச் சொல்லாத ஆண்களுக்காகவே இவ்வோட்டம் என்பதனை அவ்வெண்ணே உரைக்கிறது.

நாம் மாணவரின் வேண்டுகோளை அன்பர் சிலரிடம் எடுத்துச் சொன்னபோது, முதியவர் ஒருவர் இரண்டு வினாக்களை எழுப்பினார். "நோயாளிக்குப் பணம் வேண்டுமென்றால் நேராகவே கேட்கலாமே, ஹஜ்ரத், அதற்கு ஓடுவானேன்?" என்பது ஒன்று. "தருமம் மறைவாகச் செய்ய வேண்டியது. இதையோ, சொல்லக் கூசும் பெயரைச் சட்டையில் எழுதிக்கொண்டு தெருவில் செய்கிறார்களே?" என்பது மற்றொன்று. இரண்டும் நேர்மையான வினாக்கள். ஆதலின் விடையும் நேர்மையாக அமைதல் வேண்டும்.

முதல் வினாவிற்கு விடையாகக் கனடா நாட்டு டெர்ரி ஃபாக்ஸை நினைவுகூரலாம். 1977இல், தமது 18ஆம் வயதில், எலும்புப் புற்றினால் வலக்காலை இழந்தவர் அவர். 1980 ஏப்ரல் 12 அன்று, பொய்க்காலோடு, கனடாவைக் கிழக்கிலிருந்து மேற்காக ஓடிக் கடக்கப் புறப்பட்டார். நாட்டு மக்கள் தலைக்கு ஒரு டாலர் புற்றுநோய் ஆராய்ச்சிக்குத் தரவேண்டும் என்பதே அவர் விருப்பம். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். செப்டம்பர் முதல் நாள் நோய் நுரையீரலில் மீண்டு எழவே ஓட்டம் நின்றது. 1981 ஜூன் 28 அன்று, 22 வயதில் மறைந்தார். ஆயினும் அவர் கேட்ட தலைக்கு ஒரு டாலர் அவர் கண்மூடுமுன்பே சேர்ந்துவிட்டது. அவர் பெயரால் ஆண்டுதோறும் நடைபெறும் ஓட்டம் உலகின் பல நகரங்களில் பரவி, சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்திலும் நடந்துள்ளது.

அவர் வீட்டில் அமர்ந்து கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் கனடா அசைந்திருக்குமா? ஓட்டம் பணத்தை விளைவிப்பதில்லை; கேட்பவரின் சொல்லுக்கு எடை கூட்டுகிறது. முதலில் தம் உடலால் கொடுத்துவிட்டே அவர் பிறர் பொருளைக் கேட்கிறார்.

நமக்கு அணித்தான ஈழநாட்டிலும் இத்தகைய செயல் ஒன்று நிகழ்ந்தது. போர் முடிந்து ஈராண்டு கழிந்த 2011 ஜூலையில், இலங்கையின் தென்கோடியாகிய தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியாகிய பருத்தித்துறை வரை, 670 கிலோமீட்டர் தொலைவை ஒரு குழுவினர் 27 நாட்களில் நடந்து கடந்தனர். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை அமைப்பதற்கே அந்நடை. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வழிநெடுகக் கூட நடந்தனர். அம்மருத்துவமனை 2013இல் திறக்கப்பெற்றது. 2016இல் அதே பாதையில் வடக்கிலிருந்து தெற்காக நடந்து, காலி நகரத்துக் கராப்பிட்டியில் மருத்துவமனை எழுப்பப் பொருள் திரட்டினர். தெற்கு வடக்கிற்காக நடந்தது. பின்னர் வடக்கு தெற்கிற்காக நடந்தது. துப்பாக்கிகள் பிரித்த மண்ணைக் கால்கள் தைத்துக்கொடுத்த செயல் என்றே அதனைச் சொல்ல வேண்டும்.

ஓர் உயிருக்காக ஓடுவது நமக்கும் புதிதன்று. ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் செல்வோர் ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழுமுறை தொங்கோட்டம் ஓடுகின்றனர். அஃது என்ன? கைக்குழந்தை தாகத்தால் துடிக்க, தண்ணீர் தேடி அன்னை ஹாஜரா (அலை) அவர்கள் ஓடிய ஓட்டமே. ஒரு தாயின் பதற்றம் உலக முடிவு வரை வணக்கமாக நிலைபெற்றுவிட்டது. வெண்ணாடை அணிந்த மன்னரும் ஆண்டியும் அவ்விடத்தில் ஓடும்போது எவரும் நாணுவதில்லை.

இரண்டாம் வினா சற்றுக் கூரியது. தருமத்தை மறைத்துச் செய்வதைத் திருமறை உயர்வாகப் பேசுகிறது என்பதில் ஐயமில்லை. அதே வேளையில் வெளிப்படையாகச் செய்வதையும் அது நல்லதென்றே ஏற்கிறது. எப்போது எது ஏற்றது என்பதை நோக்கமே முடிவு செய்யும். ஏழையின் முகத்தைக் காப்பதற்கு மறைவு வேண்டும். பிறரைத் தூண்டுவதற்கு வெளிப்பாடு வேண்டும். இங்கே ஓடுபவர் ஏழை நோயாளி எவரையும் பெயர் சொல்லிக் காட்டவில்லை. காட்டுவது நோயின் பெயரைத்தான். அப்பெயர் மறைந்திருக்கும் வரையில் பணம் எவ்வளவு சேர்ந்தும் பயனில்லை. நோயாளி மருத்துவமனை வாயிலுக்கு வந்தாலன்றோ பணம் அவருக்கு உதவும்?

வெளிப்பாட்டில் ஓர் இடர் உண்டென்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மிதிவண்டிப் பந்தய வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996இல், 25 வயதில், விரைப் புற்று நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்தது. ஐன்ஹார்ன் பணியாற்றிய இந்தியானா பல்கலைக்கழகத்திலேயே மருத்துவம் பெற்றுப் பிழைத்தார். 1997இல் புற்றுநோயாளர்க்கென அறநிறுவனம் கண்டார். அதன் மஞ்சள் கைவளையத்தைப் பல கோடி மக்கள் வாங்கி அணிந்தனர். ஆனால் அவர் ஊக்கமருந்து உண்டே வென்றார் என்பது மெய்ப்பிக்கப்பட்டு, 2012இல் அவருடைய ஏழு பிரான்சுப் பந்தயப் பட்டங்களும் பறிக்கப்பட்டன. அறநிறுவனத்தை விட்டும் அவர் விலகினார். புகழ் தேடியவரின் புகழ் போயிற்று. ஆயினும் அவர் கதையைக் கேட்டுத் தம் உடலைச் சோதித்து, வேளையோடு மருத்துவரிடம் சென்ற இளைஞர்களின் உயிர் போய்விடவில்லை. கிணறு வெட்டியவன் பிழைபட்டவன் என்பதற்காக அதன் நீர் தாகம் தீர்க்காமற் போவதில்லை. தனிமனிதரைக் கொடியேற்றாமல் நோயை மட்டும் பேசினால் இவ்விடர் நமக்கில்லை.

இனி நாணத்தைப் பற்றிச் சில சொற்கள். 'ஹயா' ஈமானின் கிளை என்று ஓதிக்கொடுப்பவர் நாம். ஆனால் அதே மதரஸாவில் தஹாரத் பாடத்தை நடத்தும்போது, உடலின் எந்த உறுப்பின் பெயரையும் விழுங்காமலே சொல்லித் தருகிறோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் சிரிக்காமல் கேட்டு மனனம் செய்கின்றனர். மார்க்கத்தைக் கற்க நாணம் தடையாகவில்லை என்பதற்காக அன்ஸாரிப் பெண்மணிகளை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாராட்டியதையும் நாம் அறிவோம். தொழுகை கூடுவதற்காகச் சொல்லலாம். உயிர் தப்புவதற்காகச் சொல்லலாகாது என்பது எந்த நூலின் சட்டம்?

மேலும் ஒன்று. மகனுக்குச் சுன்னத் செய்தால் ஊரைக் கூட்டி, மாலையிட்டு, பிரியாணி ஆக்கி விருந்து வைக்கும் சமுதாயம் நம்முடையது. அன்று எவரும் நாணுவதில்லை. இருபது ஆண்டு கழித்து, அவ்விடத்திற்கு அருகே ஒரு கட்டி என்று அதே மகன் சொல்ல வந்தால் மட்டும் வீடே காதைப் பொத்திக்கொள்வது என்ன நியாயம்? நாணம் ஆடையைப் போன்றது. உடலை மறைக்க அணிகிறோம், நோயை வளர்க்க அன்று.

இவ்விடைகளைக் கேட்ட முதியவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் என்று தம் பெயரை எழுதச் சொன்னார். எழுதியபின், "சட்டையில் எழுதுவதைத் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள், நம் ஆட்கள் படிக்க வேண்டுமே" என்றார்.

நவம்பர் இறுதியில் நம் மாணவர் கடைசி ஐந்து கிலோமீட்டரை ஏலாக்குறிச்சியிலேயே ஓடி முடித்தார். விடியற்காலையில் கொள்ளிடக் கரையோரம் ஓடினார். நாம் ஓடவில்லை, பின்னால் நடந்தோம். சட்டையின் முன்புறம் நோயின் பெயரும், பின்புறம் 'கட்டி தெரிந்தால் மருத்துவரிடம் விரை' என்னும் வாசகமும் இருந்தன. மாடு ஓட்டிச் சென்றவர் நின்று படித்தார். கோயிலுக்கு வந்த யாத்திரிகர் குழுவொன்று படித்துவிட்டுத் தமக்குள் ஏதோ பேசிக்கொண்டது. எழுத்தறியாத மூதாட்டி ஒருவர், "என்ன தம்பி போட்டிருக்குது?" என்று கேட்டார். மாணவர் சொன்னார். மூதாட்டி முகம் சுளிக்கவில்லை. "எம் பேரன் திருப்பூர்ல இருக்கான், போன் போட்டுச் சொல்றேன்" என்றார். அன்று சேர்ந்த தொகை பெரிதன்று. எல்லாம் கூடி 18,450 ரூபாய். அது சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது.

பத்து நாள் கழித்து, மஃரிபுக்குப் பின் இளைஞர் ஒருவர் தனியே நம்மிடம் வந்து, "ஹஜ்ரத், ஒன்று கேட்க வேண்டும்" என்று தொடங்கித் தலைகுனிந்து நின்றார். மறுநாளே அவரை மருத்துவரிடம் அனுப்பினோம். கருவியால் படம் எடுத்துப் பார்த்தனர்; நீர்கோத்த வீக்கமே தவிர வேறில்லை என்று தெரிந்தது. புற்று அன்று என்பதால் அவர் வந்தது வீணாயிற்றா? நோய் எதுவென்று அறியாமல் அவர் இரவுகளைக் கழித்தது அத்தோடு முடிந்தது. முன்னவர் எட்டு மாதம் வாய் மூடியிருந்தார்; இவர் சில வாரத்தில் வாய் திறந்தார். அந்த ஓட்டத்தின் வரவுக்கணக்கில் நாம் முதலில் எழுதுவது இதைத்தான்.

பெற்றோர்க்குச் சில குறிப்புகள். விரை இறங்காமல் பிறக்கும் ஆண் குழந்தைக்குப் பிற்காலத்தில் இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவரினும் கூடுதல்; ஆறு மாதம் ஆகியும் இறங்கவில்லையெனில் மருத்துவரிடம் காட்டுக. வளர்ந்த பிள்ளைகள் மாதம் ஒருமுறை வெந்நீரில் குளித்தபின் தம்மைத் தாமே தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். ஒன்று சற்றுப் பெரிதாகவோ தாழ்ந்தோ இருப்பது இயல்பு. பின்புறம் மெல்லிய நரம்புபோல் தட்டுப்படுவதும் இயல்பு. கல்போல் கட்டியோ, அளவில் மாற்றமோ, இனம்புரியாத கனமோ தெரிந்தால் மருத்துவரைக் காண வேண்டும். இந்நோய் தொற்றுவதன்று, பாவத்தின் தண்டனையுமன்று. ஒரு விரையை எடுத்துவிட்டாலும் மற்றொன்று நலமாயிருப்பின் பெரும்பாலோர்க்கு இல்லறமும் மக்கட்பேறும் தடைப்படுவதில்லை. மருந்து தொடங்குமுன் வித்தணுவைச் சேமித்து வைக்கவும் வசதியுண்டு.

அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனையை டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954இல் 12 படுக்கைகளோடு தொடங்கினார். தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த துயரம் அவரை வீடு வீடாகப் பொருள் கேட்கச் செய்தது. அன்று நெடுந்தொலைவு, இன்று நம் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பெற்றுள்ளது. சாலை உண்டு, பேருந்து உண்டு, மருந்து உண்டு. வீட்டுக் கூடத்திலிருந்து வாசல் வரையிலான அந்தச் சிறு தொலைவுதான் நம் பிள்ளைகளால் இன்னும் கடக்கப்படாமல் இருக்கிறது. தந்தையர் முதலில் பேசத் தொடங்கினால் அதனையும் அவர்கள் கடந்துவிடுவர்.